விக்ரம் தூங்கலாம், ககன்யான் தூங்க முடியாது: விண்கலத்தில் மூச்சுக்கும் பேட்டரிக்கும் எத்தனை மணி நேரக் கெடு?

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் வெளிர் நிறப் பாறைக்கு விண்வெளி வரலாற்றில் ஒரு இடம் உண்டு. அனார்த்தோசைட் என்ற அந்தப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண்ணைத் தயாரித்தது. நிலவின் மேட்டுப் பகுதி மண்ணோடு அதன் சேர்மானம் ஒத்துப்போனதுதான் காரணம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இதற்குத் துணை நின்றது. சந்திரயான் லேண்டரும் ரோவரும் பூமியில் ஒத்திகை பார்த்தது இந்த மண்ணை வைத்துத்தான்.

ஒத்திகை வீண் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே பத்திரமாக இறங்கியது. செப்டம்பர் 2-ல் ரோவரும், 4-ல் லேண்டரும் தூக்க நிலைக்குப் போயின. நிலவில் சுமார் 14 நாள் பகல், 14 நாள் இரவு. அந்த இரவில் வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். பேட்டரியில் சார்ஜ் ஏற்றி, சோலார் பேனலைச் சூரியன் உதிக்கும் திசைக்குத் திருப்பி வைத்தார்கள். மறுபடி விடிந்தபோது சிக்னல் வரவில்லை. ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. 14 நாளைக்குத்தானே அது வடிவமைக்கப்பட்டது, வேலையும் முடிந்துவிட்டதே!

இந்தச் சலுகை ககன்யானுக்குக் கிடையாது. உள்ளே ஆள் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால், ‘விடிந்ததும் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல முடியாது. அப்படியென்றால் மனிதர் ஏறும் விண்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதை முடிவு செய்வது எது?

ககன்யான்: சுருக்கமாக

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டத்தை 2018 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். சுமார் 400 கி.மீ. உயரத்தில் 3 நாள் வரை பூமியைச் சுற்றிவிட்டுக் கடலில் வந்து இறங்குவதுதான் திட்டம். கலம் 3 பேர் வரை போகும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. 2024 பிப்ரவரி 27-ல் நான்கு பேரின் பெயர்கள் வெளியாகின: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படை விமானிகள்.

2023 அக்டோபர் 21-ல் அவசரகாலத் தப்பிப்பு அமைப்பின் சோதனை ஒன்று நடந்தது. 2025 ஜூலையில் சர்வீஸ் மாட்யூலின் உந்துவிசைச் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ல் மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று கீழே விட்டு, பாராசூட்டுகள் விரிவதைச் சோதித்தார்கள். மனிதர் ஏறும் முன் ஆளில்லாப் பயணங்கள் உண்டு. ‘வியோமித்ரா’ என்ற மனித உருவ ரோபோ அதில் போகும். மனிதப் பயணத்துக்கு இஸ்ரோ வைத்திருக்கும் இலக்கு 2027.

ராக்கெட், பாராசூட் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பவர் மூச்சு விடுவதற்கான ஏற்பாடு.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும்?

கணக்கு ரொம்ப சிம்பிள். நாசா பயன்படுத்தும் சராசரிப்படி, ஒரு மனிதர் ஒரு நாளைக்கு சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறார். சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். குடிக்க, சாப்பாட்டில் சேர்க்க 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். இதுபோக வியர்வையாகவும் மூச்சாகவும் ஈரம் வெளியேறுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம்.

3 பேர், 3 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் தேவை 7.5 கிலோவுக்குச் சற்றே மேல். அவசரத்துக்கு இரண்டு மடங்கு எடுத்துப் போனாலும் வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் இருக்கும் கேஸை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அதாவது ஆக்சிஜனைக் கொண்டுபோவது பெரிய தலைவலி இல்லை. தலைவலி, அதைப் பயன்படுத்திய பிறகு வெளியே வருவதில்தான் இருக்கிறது.

ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே ஆபத்து வந்துவிடும்

நிலவுக்குப் போன அப்போலோ கலத்தில் வீரர்கள் புழங்கிய இடம் சுமார் 6 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தில் ஒரு பங்குதான். அதில் 3 பேர். காற்றைச் சுத்தம் செய்யும் கருவி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

3 பேரின் மூச்சிலிருந்து மணிக்கு சுமார் 70 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். 6,000 லிட்டர் இடத்தில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம் மட்டுமே. எட்டு மணி நேர வேலையிடத்துக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு 0.5 சதவீதம். ‘உயிருக்கு உடனடி ஆபத்து’ என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்பு குறித்திருக்கும் அளவு 4 சதவீதம். இந்தக் கணக்குப்படி, அந்த 4 சதவீதத்தை எட்ட சுமார் மூன்றரை மணி நேரம் போதும்.

அதே மூன்றரை மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு அருகே இறங்கியிருக்கும். கேட்க பயமாக இருக்கும். ஆனால் ஊட்டி உயரத்தில் நம் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இந்த அளவுதான். அங்கே போய் நாம் டீ குடித்துவிட்டு வருகிறோம். ஆக்சிஜன் ஊட்டி அளவில் இருக்கும்போதே, கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடும் அளவுக்கு வந்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் பக்கம் பழைய கிணற்றில் தூர் வார இறங்கும் முன் விளக்கை எரியவிட்டு உள்ளே இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. காற்று வெளியே போக வழியில்லாத இடத்தில் கெட்ட காற்று தேங்கும் என்ற அனுபவ அறிவு அது. விண்கலமும் ஒரு மூடிய கிணறுதான், மேலே திறப்பு மட்டும் இல்லை.

சுண்ணாம்பு செய்யும் வேலையை லித்தியம் ஏன் செய்கிறது?

சரி, கெட்ட காற்றை எப்படி அகற்றுவது? பதில் சுவரிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு காய்ந்து இறுகும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. சங்ககிரி பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் வெளியேறும் அதே வாயு, சுவரில் திரும்ப ஏறுகிறது.

விண்கலத்திலும் இதே வேதியியல்தான். ஆனால் கால்சியத்துக்குப் பதில் லித்தியம். 1 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கச் சுண்ணாம்பு என்றால் ஏறத்தாழ 1.7 கிலோ வேண்டும். லித்தியம் ஹைட்ராக்சைடு என்றால் 1.1 கிலோ போதும். 3 பேர், 3 நாளைக்கு 15 கிலோவா, 10 கிலோவா என்ற கேள்வி இது. ஒவ்வொரு கிலோவையும் ராக்கெட் தூக்க வேண்டும் என்பதால் லித்தியம் ஜெயித்தது. (இது வேதிச் சமன்பாடு தரும் குறைந்தபட்சக் கணக்கு. நிஜத்தில் எல்லாத் துகளும் முழுசாக வேலை செய்யாது, அதனால் கூடுதலாக எடுத்துப் போவார்கள்.)

ரஷ்யாவின் சோயுஸ் கலம் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடையும் பயன்படுத்துகிறது. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனையும் விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எந்த ரசாயனமாக இருந்தாலும் டப்பா நிரம்பிவிட்டால் முடிந்தது. மாற்று டப்பா எத்தனை இருக்கிறதோ, அத்தனை மணி நேரம்தான் கெடு.

மூச்சுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

பேட்டரி உள்ளே வருவது இங்கேதான். ரசாயன டப்பா தானாகக் காற்றை இழுக்காது. ஃபேன் வேண்டும்.

பூமியில் நாம் விடும் சூடான மூச்சு லேசாக இருப்பதால் மேலே போய்விடும். எடையற்ற நிலையில் ‘மேலே’ என்பதே இல்லை. ஃபேன் ஓடாவிட்டால், தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே மேகம் மாதிரி நிற்கும். அறை முழுக்க நல்ல காற்று இருந்தாலும் அவர் சுவாசிப்பது தான் விட்ட மூச்சையே.

நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கத் தேவையில்லை. சுற்றிலும் அடைத்த நவீன கோழி ஷெட்டில் ஒரு பக்கம் கூலிங் பேட், மறு பக்கம் வரிசையாக எக்ஸாஸ்ட் ஃபேன். கோடையில் கரன்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை என்றால் பண்ணைக்காரர் கையில் இருப்பது நிமிடங்கள்தான். தீவனம் நிறைய இருக்கும், தண்ணீர் இருக்கும். ஆனால் காற்றும் குளிர்ச்சியும் கரன்ட்டில் தொங்குகின்றன.

விண்கலத்தில் ஃபேன் மட்டுமல்ல. உள்வெப்பத்தை வெளியே தள்ளும் குளிர்விப்பு பம்ப், ஈரத்தை வடிக்கும் கருவி, அழுத்தத்தைக் கவனிக்கும் சென்சார், கம்ப்யூட்டர், ரேடியோ எல்லாமே மின்சாரம் கேட்பவை. வெற்றிடத்தில் மிதக்கும் கலம் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி. உள்ளே உண்டாகும் வெப்பம் தானாக வெளியேறாது.

2022 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நின்றிருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தில் குளிர்விப்புத் திரவம் கசிந்தது. ஆக்சிஜனுக்கோ பேட்டரிக்கோ குறையில்லை. ஆனாலும் 3 பேர் ஏறினால் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் தாங்க முடியாத அளவுக்குப் போகலாம் என்பதால் அது காலியாகவே பூமிக்குத் திரும்பியது. மாற்றுக் கலம் அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் போன அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோ ஆறு மாதத்துக்குப் பதிலாக 371 நாள் விண்ணில் இருந்தார்.

சோலார் பேனல் இருக்கே, அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 92 நிமிடம். அதில் ஏறக்குறைய 35 நிமிடம் பூமியின் நிழலில். வெயிலில் சார்ஜ் ஏறும், நிழலில் பேட்டரி ஓடும். இது ஒழுங்காக நடந்தால் பிரச்சினை இல்லை.

சிக்கல் திரும்பி வரும்போது. சோலார் பேனல்கள் இருப்பது சர்வீஸ் மாட்யூலில். வளிமண்டலத்துக்குள் நுழையும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும். வெப்பக் கவசம் மூடிய கேப்ஸ்யூல் மட்டும்தான் கீழே வரும். கழன்ற நொடியிலிருந்து கடலில் மிதந்து கதவு திறக்கும் வரை உள்ளே இருக்கும் பேட்டரிதான் கதி. பாராசூட்டை விரிக்கும் கட்டளையும் அதே பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும்.

சுபான்ஷு சுக்லாவின் பயணமும் இப்படித்தான் முடிந்தது. 2025 ஜூன் 25-ல் ஆக்ஸியம்-4 பயணத்தில் டிராகன் கலத்தில் கிளம்பிய அவர், சுமார் 28 மணி நேரம் கழித்து விண்வெளி நிலையத்தை அடைந்தார். ஜூலை 14-ல் அங்கிருந்து பிரிந்த கலம் 22 மணி நேரத்துக்கும் மேல் தனியாகச் சுற்றிவிட்டு, ஜூலை 15-ல் கலிஃபோர்னியா கடலில் இறங்கியது. டிராகனின் பின்பகுதியான ‘ட்ரங்க்’கில்தான் சோலார் பேனல்கள் இருக்கின்றன. இறங்குவதற்கான எஞ்ஜினை இயக்கும் முன்பே அது கழற்றிவிடப்படுகிறது. அதற்குப் பிறகு முழுக்க பேட்டரிதான்.

அப்போலோ 13: ஐந்து ஃபேன் மின்சாரத்தில் வீடு திரும்பிய கதை

மூச்சும் மின்சாரமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இன்றுவரை பெரிய பாடம் அப்போலோ 13. 1970 ஏப்ரல் 13-ல் (அமெரிக்க நேரம்) பூமியிலிருந்து சுமார் 3.2 லட்சம் கி.மீ. தொலைவில் அதன் ஆக்சிஜன் டேங்க் ஒன்று வெடித்தது. அந்தக் கலத்தில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துத்தான் எரிபொருள் மின்கலங்கள் மின்சாரமும் தண்ணீரும் தயாரித்தன. ஆக்சிஜன் போனதும் மூன்றும் போயிற்று.

மிச்சம் இருந்தது, தலா 40 ஆம்பியர்-மணி கொண்ட மூன்று பேட்டரிகள். அவை கடைசியில் பூமிக்குள் நுழைவதற்காக வைத்திருந்தவை. அதைத் தொட்டால் வீடு திரும்ப முடியாது. அதனால் ஜிம் லவ்வல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹேய்ஸ் மூவரும் கலத்தையே அணைத்துவிட்டு, நிலவில் இறங்க வைத்திருந்த ‘அக்வாரியஸ்’ கலத்துக்குள் புகுந்தார்கள். அது 2 பேருக்கு, சுமார் 45 மணி நேரத்துக்கு என்று செய்யப்பட்டது. 3 பேரை ஏறத்தாழ 90 மணி நேரம் தாங்க வேண்டியிருந்தது.

அக்வாரியஸ் பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 2,200 ஆம்பியர்-மணி. வழக்கம்போல் எல்லாக் கருவியையும் ஓட்டினால் பாதி வழியில் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றாக அணைத்து, மின் பயன்பாட்டைச் சுமார் 12 ஆம்பியருக்கு இறக்கினார்கள். 28 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 340 வாட். வீட்டில் ஓடும் ஐந்து சீலிங் ஃபேனுக்கு ஆகும் மின்சாரம். அணைத்துவைத்த கலத்தின் உள்ளே வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு இறங்கியது. சுவரெல்லாம் ஈரம் கோத்தது. தண்ணீருக்கும் ரேஷன்.

அடுத்து வந்தது கார்பன் டை ஆக்சைடு. அக்வாரியஸில் இருந்த லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் 3 பேருக்குப் போதாது. தாய்க்கலத்தில் உபரி டப்பா இருந்தது, ஆனால் அது சதுரம். அக்வாரியஸ் துவாரமோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், டேப் ஆகியவற்றை வைத்து எப்படி ஒட்டுவது என்று பூமியிலிருந்து ரேடியோவில் சொல்லிக் கொடுத்தார்கள். கருவி ஓட ஆரம்பித்ததும் வாயு அளவு இறங்கியது.

கடைசிக் கட்டத்தில், நுழைவு பேட்டரி ஒன்றில் விபத்தின்போது செலவான சார்ஜை அக்வாரியஸ் பேட்டரியிலிருந்து ஏற்றினார்கள். நடுரோட்டில் நின்ற லாரிக்கு இன்னொரு லாரி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஏப்ரல் 17-ல் மூவரும் உயிரோடு பசிபிக் கடலில் இறங்கினார்கள்.

பேட்டரி முடிவெடுத்த பயணங்கள்

எல்லாப் பயணத்திலும் வெடிப்பு நடப்பதில்லை. ஆனால் கெடு எப்போதும் இருக்கிறது.

* 1970-களின் சோயுஸ்: எடையைக் குறைக்க சோலார் பேனலை எடுத்துவிட்டு, சுமார் 2 நாள் தாங்கும் பேட்டரியோடு மட்டும் அனுப்பினார்கள். விண்வெளி நிலையத்தோடு இணைய முடியாவிட்டால் நேரே வீடு திரும்ப வேண்டியதுதான். சோயுஸ் 15 (1974), சோயுஸ் 23 (1976), சோயுஸ் 25 (1977) அப்படித் திரும்பியவை. 1984-ல் ராகேஷ் சர்மா போன சோயுஸ் டி வகையில் சோலார் பேனல் மறுபடி வந்துவிட்டது.

* சோயுஸ் 23-ன் இரவு: திரும்பி வந்த இந்தக் கலம் கடும் குளிரில் கஜகஸ்தானின் டெங்கிஸ் ஏரியில் விழுந்தது. நனைந்த பாராசூட் கலத்தைக் கவிழ்த்து இழுத்தது. உள்ளே இருந்த இருவரும் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தேவையற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். மறுநாள்தான் ஹெலிகாப்டரால் கரைக்கு இழுக்க முடிந்தது. தரைக்கு வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்ற நினைப்பு தப்பு என்று காட்டிய இரவு அது.

* சோயுஸ் டிஎம்-5: 1988 செப்டம்பரில் லியாகோவும் ஆப்கானிஸ்தானின் அப்துல் அகத் மொமந்தும் திரும்பும்போது எஞ்ஜின் சரியாக இயங்கவில்லை. கழிப்பறையும் கூடுதல் இடமும் கொண்ட சுற்றுப்பாதைப் பகுதியை அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். சிறிய கேப்ஸ்யூலுக்குள் ஒரு நாள் அடைந்து கிடந்து, மறுநாள் இறங்கினார்கள். அதன் பிறகு, எஞ்ஜின் வேலை முடிந்தபிறகே அந்தப் பகுதியைக் கழற்றுவது என்று நடைமுறை மாறியது.

* ஸ்டார்லைனர்: 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போன போயிங் கலம் நிலையத்தோடு இணைந்திருக்க முதலில் வைத்த வரம்பு 45 நாள். காரணம் பேட்டரிதான். விண்ணில் அவை நன்றாக இயங்குவதைப் பார்த்த பிறகு அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்றது நாசா. கடைசியில் உந்துவிசைக் கோளாறால் செப்டம்பரில் கலம் ஆளில்லாமல் திரும்பியது. இருவரும் 2025 மார்ச்சில் டிராகனில் வந்தார்கள். அவர்கள் அத்தனை மாதம் சமாளிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், தங்கியது கேப்ஸ்யூலில் அல்ல, விண்வெளி நிலையத்தில்.

இந்தக் கடைசி வரி ககன்யானுக்கு முக்கியம். அது எந்த நிலையத்துக்கும் போகவில்லை. ஒதுங்க இன்னொரு கூரை இல்லை.

பெரிய பேட்டரியா வெச்சுட்டா போதாதா?

வீட்டு இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் மின்சாரம். இரண்டு ஃபேன், நாலு லைட் என்றால் ஒரு ராத்திரி ஓட்டிவிடலாம். ஏசியைப் போட்டால் ஒன்றரை மணி நேரம். அந்த பேட்டரியின் எடையோ 50 கிலோவுக்கு மேல். அதே மின்சாரத்தை லித்தியம்-அயன் சுமார் 10 கிலோவில் தரும். விண்கலங்கள் லித்தியத்துக்கு மாறியது இதனால்தான்.

ஆனால் அதற்கும் விலை உண்டு. ஒரு லித்தியம் செல் அளவுக்கு மீறிச் சூடானால் பக்கத்து செல்லும் பற்றிக்கொள்ளும். இ-ஸ்கூட்டர் தீப்பிடித்த வீடியோக்களில் பார்த்தது இதைத்தான். மூடிய கலத்துக்குள் அந்தப் புகைக்குப் போக்கிடம் இல்லை. அதனால் செல்களுக்கு நடுவே தடுப்பு, வெப்பக் கண்காணிப்பு என்று எடை மறுபடி ஏறும். கூடும் ஒவ்வொரு கிலோவையும் கடைசியில் பாராசூட்டும் தாங்க வேண்டும். 2025 ஆகஸ்ட் சோதனையில் பாராசூட்டில் தொங்கிய மாதிரிக் கலமே சுமார் 4.8 டன்.

யாரும் தராத தொழில்நுட்பம்

உயிர்காப்பு அமைப்பு இஸ்ரோவுக்குப் புதிய பாடம். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் செய்து பழகிய நிறுவனம் அது. செயற்கைக்கோள் மூச்சு விடாது. இந்தத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டிலிருந்து பெறலாம் என்று எதிர்பார்த்ததாகவும், நிறையப் பேசியும் யாரும் தரத் தயாராக இல்லை என்பதால் இந்தியாவிலேயே உருவாக்க முடிவெடுத்ததாகவும் அப்போதைய தலைவர் எஸ்.சோம்நாத் 2023 டிசம்பரில் கோவாவில் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பொறியியல் மாதிரி தயாராகிவிட்டது என்று 2025-ல் அரசு தெரிவித்தது. மாதிரி தயார் என்பதற்கும், அதை நம்பி மனிதரை ஏற்றலாம் என்பதற்கும் நடுவே நீண்ட சோதனைப் பாதை இருக்கிறது. திட்டத்தின் தேதிகள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனதை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

கடலில் இறங்கிய பிறகான கெடுவும் தனிப் பாடம். 2023 அக்டோபர் சோதனையில் வங்காள விரிகுடாவில் இறங்கிய கலம் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. ஆளில்லாததால் பாதிப்பில்லை. ஆள் இருந்தால், கலத்தை நிமிர்த்தும் காற்றுப் பைகளும், உள்ளே காற்றோட்டமும், இடத்தைக் காட்டும் சிக்னலும் கடற்படை வந்து சேரும் வரை பேட்டரியில் ஓட வேண்டும். அலை உயரமாக இருந்தால் அந்தக் காத்திருப்பு நீளும்.

அடுத்து என்னவெல்லாம் கவனிக்கணும்?

ஆளில்லாப் பயணம் ஒவ்வொன்றும் முடியும்போது ‘வெற்றி’ என்ற தலைப்பு வந்துவிடும். ராக்கெட் கிளம்பிய வீடியோவும் வைரலாகும். மனிதர் ஏறலாமா என்பதற்கான விடை வேறு சில எண்களில் இருக்கிறது. பயணம் முழுக்க உள் அழுத்தம் நிலையாக இருந்ததா? கார்பன் டை ஆக்சைடை அகற்றும் கருவி நிஜமான சுமையோடு ஓடியதா, அல்லது வெறும் காற்றில் ஓடியதா? சர்வீஸ் மாட்யூல் பிரிந்ததிலிருந்து கடற்படை கதவைத் திறந்தது வரை எத்தனை மணி நேரம் ஆனது, அப்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருந்தது?

கடைசிக் கேள்விதான் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. கரன்ட் எப்போது வரும் என்று தெரியாதபோது, மிச்சம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் எதை அணைப்பது என்று முடிவெடுப்போம். விண்கலத்தில் அணைக்கவே முடியாத ஒரு ஃபேன் இருக்கிறது. அதற்கான சார்ஜை ஒதுக்கி வைத்த பிறகே மற்றவற்றின் கணக்கு தொடங்குகிறது.